காற்றுக்கு விட்ட நாலு வரிசை

என் கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அதற்காக முந்நூற்று அறுபது அட்டைக் குழாய் வெட்டினோம்.

எங்கள் வீடு ஒரு நீளக் கூடம், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. கூடத்தில் நாலு பேர்: நான், என் கணவர், எங்கள் ஒன்பது வயது மகள், மாமனார். முழங்கால் ஆபரேஷன் முடிந்த கையோடு, "ரெண்டே வாரம் இருந்துட்டுப் போறேன்மா" என்று ஒரு பையுடன் வந்தவர் மாமா. அது நடந்து பதினாலு மாதம் ஆகிறது. அந்தப் பை இப்போது மூன்று பெட்டிகளாக வளர்ந்திருக்கிறது. குறை சொல்லவில்லை. மனிதர் தங்கம். ஆனால் தங்கத்தை யாரும் கூடத்தின் நடுவில் கட்டில் போட்டுப் படுக்க வைப்பதில்லை.

என் கணவர் திரைத்துணிக் கடையில் விற்பனையாளர். கடை முதலாளி வெளியூரில் ஒரு கிளை திறக்கிறார். "ரெண்டு வருஷம் நீ போய் நின்னு பார்த்துக்கோ. மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போ. சம்பளம் கூட்டித் தரேன். ஒண்ணாந் தேதி காலைக்குள்ள பதில் சொல்லு" என்றிருக்கிறார். இந்தச் செய்தியை என் கணவர் என்னிடம் சொன்னது சமையலறையில், மிக்ஸி ஓடும்போது, என் காதில் வாயை வைத்து. பாதிதான் சொல்லி முடித்திருப்பார். கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"என்னம்மா, அரைக்க ஒண்ணும் இல்லாமயே மிக்ஸி ஓடுது?"

மாமா சாதாரண ஆள் இல்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் வெளியூர் ட்ரங்க் கால் இணைத்துக் கொடுத்து, மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை குறுக்கே வந்து நேரம் சொன்னவர். காலி மிக்ஸிக்கும் நிரம்பிய மிக்ஸிக்கும் வித்தியாசம் தெரியும்.

விஷயம் அவர் காதில் விழக் கூடாது என்பதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. விழுந்தால், "என்னாலதானே உங்களுக்கு இடம் பத்தல, காசு பத்தல, நான் கிளம்பறேன்" என்று பையைத் தூக்கிவிடுவார். அவர் போனால் என் கணவருக்குச் சோறு இறங்காது. ஆகவே கூடத்தில் மூச்சு விடவில்லை.

வெளியே போய்ப் பேசலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா நடந்துட்டு வரோம் என்று கிளம்பினோம். மகள் எங்களுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். போனில் பேசலாமென்றால் கடையில் போனை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். மதிய இடைவேளையில் பார்க்கட்டும் என்று, "போறீங்களா, இல்லையா?" என்று செய்தி அனுப்பினேன். உயர்த்திய கட்டை விரல் படம் ஒன்று பதிலாக வந்தது. எதற்கு உயர்த்தினார் என்று இன்றுவரை தெரியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதினைந்து வருஷமாகத் துணி விற்றுத் துணி விற்று, என் கணவருக்குத் தனக்கு எது பிடிக்கும் என்று சொல்லும் பழக்கமே போய்விட்டது. பச்சையா நீலமா என்றால், "ரெண்டுமே நல்லா இருக்கும், உங்களுக்கு எது பிடிக்குதோ" என்பார். கடையில் சொன்னால் சரி. சாதமா சப்பாத்தியா என்று கேட்டாலும் இதே பதில்தான். இப்படிப்பட்டவரிடம் பதில் வாங்க, அரை மணி நேரமாவது ஓர் இடத்தில் உட்கார வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். எங்களிடம் சாத்தக் கதவும் இல்லை, கதவு வைக்கச் சுவரும் இல்லை.

"சுவர் கட்டலாமா?" என்று ஒரு நாள் சைகையில் கேட்டேன். வீட்டுச் சொந்தக்காரர், நாங்கள் சுவரில் ஓர் ஆணி அடித்தாலே தன் நெஞ்சில் அடித்த மாதிரி துடிப்பவர். என் கணவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மறுநாள் தோளில் மூன்று அட்டைக் குழாய்களோடு வந்து இறங்கினார்.

கடைக்கு வரும் கனத்த திரைத்துணி, தரைவிரிப்பு எல்லாம் இந்தக் குழாய்களில்தான் சுற்றி வரும். நாலு அங்குலப் பருமன், அஞ்சடி நீளம், கட்டை மாதிரி கெட்டி. துணி விற்றுத் தீர்ந்ததும் குழாயைப் பின்வாசலில் எறிந்துவிடுவார்கள். தினமும் மூன்று வீதம் பஸ்ஸில் கொண்டுவந்தார். இரண்டாம் நாளே கண்டக்டர் மடக்கியிருக்கிறார்.

"சார், ஆள் உயரம் இருக்கு. இதுக்கும் டிக்கெட் எடுங்க."

"மடியில உக்கார வச்சுக்கறேன் சார். கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாதே."

ஒவ்வொரு குழாயையும் கடையின் அளவுகோலை வைத்து அடிக்கு ஒன்றாக அஞ்சு துண்டு போட்டார். இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அறுத்தால் பிசிறில்லாமல் வரும் என்பதை முதல் ஆறு குழாய்களைக் கெடுத்த பிறகு கண்டுபிடித்தோம். கடையில் பழசாகிப்போன மாதிரித் துணிப் புத்தகங்கள் இரண்டு கிடைத்தன. உள்ளங்கை அகலத்தில் நூற்றுக்கணக்கான துண்டுத் துணிகள்: பூப்போட்டது, கட்டம் போட்டது, பட்டு மாதிரி மினுக்குவது. அவற்றைக் குழாய்களின் வாய்களில் மடித்து ஒட்டுவது என் வேலை. மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்ட பசை. ஒட்டியது காயும்வரை துணி உலர்த்தும் கிளிப்பால் கவ்வி வைக்க வேண்டும். ஒரு மாதம் எங்கள் வீட்டில் ஈரத் துணி எல்லாம் கொடியில் கிளிப் இல்லாமல் பறந்துகொண்டிருந்தது.

மாமாவுக்கு ஒரே உற்சாகம். கட்டிலில் உட்கார்ந்தபடி மேற்பார்வை பார்த்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு குழாய்?"

"சாமான் வைக்க மாமா. வீடு ஒழுங்கா இருக்கணும் இல்ல? அது அது அதனதன் இடத்துல இருக்கணும்."

"பதினாலு மாசமா இல்லாத ஒழுங்கு இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"வயசாகுதில்ல மாமா" என்றேன். எனக்கு முப்பத்தாறு.

பழக்கடையில் கெஞ்சி வாங்கிய பெட்டிப் பலகைகளில் ஆறடி அகலத்துக்கு ஒரு சட்டம். அதற்குள் குழாய்களைப் படுக்க வைத்து அடுக்கினோம். கீழ் வரிசைக் குழாய்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் மேல் வரிசை உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அசையாது. வரிசைக்குப் பதினெட்டாக இருபது வரிசை. மாதத்தின் இருபத்தாறாம் தேதி வாக்கில், கூடத்தின் குறுக்கே என் தலைக்கு நாலு விரல் மேலே ஒரு சுவர் நின்றது. வண்ண வண்ண வாயைத் திறந்துகொண்டு முந்நூற்று அறுபது பொந்துகள். இந்தப் பக்கமும் எடுக்கலாம், அந்தப் பக்கமும் எடுக்கலாம். மகள் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, தாத்தாவின் மாத்திரைகளுக்கு நாற்பது முதல் ஐம்பது வரை ஒதுக்கினாள்.

எதிர்வீட்டு டீச்சர் வந்து பார்த்து அசந்துபோனார். "தேன்கூடு மாதிரி என்ன அழகா இருக்கு! எங்கேங்க வாங்கினீங்க?"

"குப்பையில" என்றார் மாமா.

இருபத்தெட்டாம் தேதிக்குள் பொந்துகளை நிரப்பினேன். காலியாக இருந்தால் அந்தப் பக்கம் தெரியுமே. குளிக்கும் துண்டுகளைச் சுருட்டி வைத்தேன். பழைய நாளிதழ், சாக்ஸ், கரண்டி, மகளின் ஓவியம், போன வருஷத்து மின் கட்டண ரசீது, எதையும் விடவில்லை. ஒரு கட்டத்தில் வைக்கப் பொருள் தீர்ந்து, உருளைக்கிழங்கை ஒன்றொன்றாக வைத்தேன். இவ்வளவு ஒழுங்கான வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நிரம்பியதும்தான் உறைத்தது. கூடத்தில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. அது மாமா பக்கம். எங்கள் பக்கம் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"காத்துக்கு நாலு வரிசை விட்டுடலாம்" என்றார் என் கணவர். சும்மா சொல்லவில்லை. என்னை மெத்தையில் உட்கார வைத்து, தரையிலிருந்து என் முகம் எவ்வளவு உயரம் என்று கடையின் அளவுகோலால் அளந்தார். தன் முகத்தை என்னை அளக்கச் சொன்னார். கூட்டிக் கழித்து, கீழிருந்து ஆறாவது வரிசை முதல் ஒன்பதாவது வரை காலி செய்தார். எங்கள் பக்கம் அந்த வரிசைகளுக்கு மேல் ஒரு வலைத்துணியைத் தொங்கவிட்டார். காற்று வரும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவு துல்லியமாக எங்கள் முகத்தை அளந்தவர், அந்தப் பக்கம் கட்டிலில் மாமாவின் தலையணை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளக்கவில்லை. அவர் மேல் மட்டும் பழி போட மாட்டேன். எனக்கும் தோன்றவில்லை.

மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. மறுநாள் காலை முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் மகள் எதிர்வீட்டு டீச்சர் வீட்டுக்குக் கார்ட்டூன் பார்க்க ஓடினாள். மாமா கட்டிலில் சாய்ந்து ஐந்தாவது நிமிடம் குறட்டை விட ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் சுவருக்குப் பின்னால் போய் மெத்தையில் உட்கார்ந்தோம்.

பதினாலு மாதத்துக்குப் பிறகு தனியாக. வலைத்துணி வழியாகக் காற்று சுகமாக வந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பசை காஞ்சிடுச்சில்ல?" என்றார்.

"காஞ்சிடுச்சு."

"நல்லாக் காஞ்சிடுச்சு."

"ம்."

இதற்காகவா ஒரு மாதம் உழைத்தோம் என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் என் கையை எடுத்து, விரல்களில் ஒட்டியிருந்த காய்ந்த பசையை நகத்தால் உரிக்க ஆரம்பித்தார். பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு விரலாக. எனக்குக் கேள்வியே மறந்துவிடும் போலிருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"என்னங்க. போறீங்களா, இல்லையா?" கிசுகிசுத்தேன்.

"நீ என்ன சொல்ற?"

"கேட்டது நான். உங்களுக்கு என்ன வேணும்?"

"போனா அதுல ஒரு நல்லது இருக்கு. இருந்தா இதுல ஒரு நல்லது இருக்கு. ரெண்டுமே..."

"நான் என்ன ஜன்னலுக்குத் துணி எடுக்கவா வந்திருக்கேன்?"

"கத்தாத. அப்பா."

"தூங்கறார். சொல்லுங்க."

"போனா சம்பளம் கூட. ரெண்டு வருஷத்துல ரெண்டு ரூம் வச்ச வீடு பார்க்கலாம். போகலைன்னா..."

"போகலைன்னா?"

"போகலைன்னா இங்கேயே இருக்கலாம்."

"பெரிய கண்டுபிடிப்பு."

"அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுடி. தெரிஞ்சா அன்னைக்கே பையைத் தூக்கிடுவார்."

"அதுக்குத்தானே முந்நூத்தி அறுபது குழாய்! உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா எதுக்கு ஊர்க்கதை எல்லாம்?"

குறட்டை நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஏழாவது வரிசையிலிருந்து, என் காதுக்கு நேராக, ஒரு குரல் வந்தது. அப்பா குரல் இல்லை. மாமா குரல் இல்லை. ஏற்ற இறக்கமில்லாத, மரியாதையான, முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கிய குரல்.

"மூணு நிமிஷம் முடிஞ்சுது. நீட்டிக்கணுமா?"

என் கணவர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"லைன் தெளிவா இருக்கு" என்று குரல் தொடர்ந்தது. "ரெண்டு பக்கமும் நல்லாக் கேக்குது. ஆனா இன்னும் ஒருத்தரும் விஷயத்துக்கே வரல."

வலைத்துணியை விலக்கினேன். குழாயின் அந்த முனையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு கண் என்னைப் பார்த்துச் சிமிட்டியது.

"மாமா! கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"எங்கம்மா கேக்காம இருக்கறது? காதுல குழாயை வச்சுக் கட்டியிருக்கீங்க. நேத்து சாயங்காலம் நீ அங்க உக்காந்து போன்ல என் பச்சைச் சட்டையைப் பத்திச் சொன்னதும் கேட்டுச்சு."

"எந்தச் சட்டை?" என்றார் என் கணவர்.

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

என் கணவர் எழுந்து சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். அவர் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "அப்பா, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. உங்களால ஒண்ணும் இல்ல. நீங்க எங்கேயும் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

மாமா நிதானமாக எழுந்து உட்கார்ந்தார். "நான் எங்கடா போறேன்?"

"இல்ல, நீங்க கிளம்பறேன்னு..."

"எவன் சொன்னான்? விசிறி என் பக்கம் இருக்கு. பாத்ரூம் பத்தடி. மாத்திரை நாப்பதிலேருந்து அம்பது வரைக்கும் கைக்கெட்டற தூரத்துல இருக்கு. இதை விட்டுட்டு நான் எதுக்குடா போறேன்? பையைத் தூக்கிடுவார், பையைத் தூக்கிடுவார்ங்கறே, அந்தப் பை பிஞ்சு மூணு மாசம் ஆச்சு."

அவர் செய்துவிடுவாரோ என்று ஒரு மாதம் நாங்கள் பயந்து நடுங்கிய தியாகம் அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒரு பேச்சுக்காவது கிளம்பறேன் என்று சொல்லியிருக்கலாம்.

மாமா கைத்தடியை எடுத்துக்கொண்டார். "நான் டீச்சர் வீட்டுக்குப் போய் உக்காந்திருக்கேன். பேசி முடிங்க. இதுக்கு மேல நானா லைனை வெட்டி விட்டாத்தான் உண்டு." கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

வீடு காலியானது. மாமாவைக் காரணம் காட்டித்தான் நாங்கள் இருவரும் இத்தனை நாள் தப்பித்து வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது அந்தக் கேள்வி மட்டும் கூடத்தின் நடுவில் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

"எனக்குத் தனியா ஒரு ரூம் கட்டிக் குடுத்துட்டு நீங்க நிம்மதியாப் போகலாம்னு பார்த்தீங்களா?" என்றேன். முதல் மூன்று குழாயைத் தூக்கிக்கொண்டு அவர் அவ்வளவு சந்தோஷமாக வந்து இறங்கிய நாளிலிருந்து என்னை அரித்த சந்தேகம் அது.

"ஐயோ, இல்ல."

"பின்ன?"

அவர் அளவுகோலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் போகப் பிடிக்கல" என்றார் கடைசியில். ஏதோ அந்நிய மொழியில் ஒரு வாக்கியத்தைப் படிப்பவர் மாதிரி, சொல்லுக்குச் சொல் நிறுத்தி. "ஆனா நீ போன்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன். இந்தப் பெரிய வீடு, தனி ரூம் ஆசை எல்லாம் உனக்கு இருக்கும்ல? ஒரு மாசமா நீ போகாதீங்கன்னு ஒரு தடவைகூடச் சொல்லல."

"நீங்க போக மாட்டேன்னு சொல்லலையே!"

"நீ சொன்னா நான் சொல்லியிருப்பேன்."

"நீங்க சொல்லட்டும்னுதானே நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது போல அவசரமாக முதலாளிக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த முதலாளியின் குரல் எனக்கே கேட்டது.

"என்னய்யா, முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார். வந்து... நான் போகல சார்."

"ஏன்? என்ன குறை?"

என் கணவர் திணறினார். "குறை ஒண்ணும் இல்ல சார், ரெண்டுமே நல்லதுதான்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "வீட்ல போக வேண்டாம்னு சொல்றாங்க சார்."

"வீட்லன்னா யாரு? அப்பாவா?"

அவர் போனை என்னிடம் நீட்டினார்.

அதை வாங்கிக் காதில் வைத்தேன். அவர் பெண்டாட்டி என்று சொல்லலாம். மாமாவின் முழங்கால், மகளின் படிப்பு என்று கௌரவமான காரணங்கள் நாலு அடுக்கலாம். எதையும் அடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதினாலு மாதம் கிசுகிசுத்தே பழகிய தொண்டை, திறந்ததும் தன் அளவு தெரியாமல் திறந்துகொண்டது.

"நான்தான் சார் சொல்றேன். எனக்கு அவர் இங்க வேணும்!"

முதலாளி அந்தப் பக்கம் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். கொஞ்சம் தூரத்திலிருந்து, "சரிம்மா, சரி, நாளைக்கு நேரத்துக்கு அனுப்பி வை" என்றார்.

என் கணவர் அளவுகோலைக் கீழே போட்டுவிட்டார்.

எதிர்வீட்டு ஜன்னலில் என் மகளின் தலை எட்டிப் பார்த்தது. "அம்மா! யாரும்மா வேணும்?"

அவளுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது: "நீ டிவியைப் பாரு."